மலைக்கு ஏற்ற கேமரா எது?

பழைய டிஎஸ்எல்ஆர்கள் சந்தையில் குவிகின்றன. பாலக்காடு, இடுக்கி எல்லைக் காடுகளில் படமெடுக்கக் கிளம்பும் புதியவர் எதை நம்பிப் பணம் போடலாம்?

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறுக்குப் போகும் சாலையில் ஒரே நாளில் மூன்று விதமான வெளிச்சத்தைப் பார்த்துவிடலாம். சின்னாறு சரணாலயத்தின் முட்காட்டில் கண் கூசும் வெயில். மறையூர் தாண்டி ஏறினால் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி. சோலைக்குள் நடுப்பகலிலும் அந்தி இருட்டு. பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளத்திலும் இதே கதைதான். கேரளத்தில் இருந்தாலும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் அங்கே சாலை போகிறது.

கடையின் விளக்கொளியில் எல்லா கேமராவும் நல்ல கேமராதான். அதன் குணம் இந்த மலையில்தான் தெரியும். ஜீப் ஓட்டிக்கொண்டே கல்யாணப் படமும் எடுக்க நினைக்கும் மலையோர இளைஞருக்கு முதல் கேமரா என்பது பல மாதச் சேமிப்பு. தவறாக வாங்கினால் இரண்டாவது வாய்ப்பு சுலபத்தில் வராது.

2003இல் கேனன் 300டி ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் வந்தபோதுதான் டிஎஸ்எல்ஆர் சாதாரண மனிதரின் கைக்கு எட்டியது. இன்று கேனனும் நிக்கானும் கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களுக்கு மாறிவிட்டன. அதனால் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தவர்கள் விற்கிறார்கள், புதியவர்களுக்கு லாபம். பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவை நான்கு: கேனன் 3000டி, 1500டி, 200டி மார்க் 2, நிக்கான் டி3500.

இவற்றில் 3000டி மலிவானது. மலிவுக்கான காரணமும் தெரிகிறது. 18 மெகாபிக்ஸல், லென்ஸைப் பொருத்தும் வளையம்கூட பிளாஸ்டிக். 1500டியில் 24.1 மெகாபிக்ஸலும் உலோக வளையமும் உண்டு. ஆனால் விநாடிக்கு 3 படம், ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. பாறை தாவும் வரையாட்டுக்கு இந்த வேகம் போதாது.

நிக்கான் டி3500 விநாடிக்கு 5 படம் எடுக்கிறது. இதன் பெரிய பலம் பேட்டரி: நிறுவனக் கணக்குப்படி ஒரு சார்ஜுக்கு 1,550 படங்கள். மின்சாரம் இல்லாத காட்டு முகாமில் இது பெரிய விஷயம். திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது, தனி மைக் செருக வழியில்லை. வீடியோ எடுப்பவருக்கு ஏற்றது 200டி மார்க் 2. திரும்பும் தொடுதிரை, மைக் வசதி, திரையைப் பார்த்து எடுக்கும்போது வேகமான ஃபோகஸ், ஒரு சார்ஜுக்கு 1,070 படங்கள். கல்யாண வேலையும் செய்ய நினைப்பவர் இதையே தேடலாம்.

நிக்கானில் ஒரு கண்ணி உண்டு. டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் 'ஏஎஃப்-டி' லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புதிய 'ஏஎஃப்-பி' லென்ஸோ டி3200, டி5100 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸ் ஆகாது. கேனனின் ஈஎஃப் லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே மோட்டார் இருக்கிறது.

உண்மையில் பணத்தைப் போட வேண்டிய இடம் லென்ஸ்தான். இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் வரையாடுகள் பாதையோரமே வந்து மேய்வதுண்டு. கூட வரும் 18-55 லென்ஸே பல நேரம் போதும். பறம்பிக்குளத்துக் காட்டெருமைக்கும், சின்னாற்றின் நரை மலையணிலுக்கும் நீளமான லென்ஸ் வேண்டும். கேனனின் 55-250, நிக்கானின் 70-300, இரண்டும் எடை குறைந்தவை. கைநடுக்கம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சோலை இருட்டுக்கு எஃப்/1.8 அளவுள்ள 50 எம்எம் லென்ஸ். 18-55ஐ 50 எம்எம்முக்கு நீட்டும்போது கிடைப்பதைவிட ஏழு மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை அது உள்ளே விடும்.

மூடுபனியில் கேமரா ஏமாறும். வெண்மையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் பனி பனியாகத் தெரியும். கருத்த காட்டெருமை சட்டத்தை நிறைத்தால் அதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

பழைய கேமரா வாங்குமுன் லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நிக்கான் படக் கோப்பிலேயே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கு இருக்கும். டி3500க்கு ஒரு லட்சம் முறை என்பது சோதித்த அளவு. வாங்கியபின், தென்மேற்குப் பருவ மாதங்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வைப்பது கட்டாயம்.

தமிழகத்தின் இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) பல பாகங்களைக் கோர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். அந்தக் கருவியோடு ஒப்பிட்டால் இந்த நான்குமே ஆடம்பரம். சேமிப்பில் பாதிக்கு மேல் கேமரா உடலுக்குக் கொடுக்காதீர்கள். மீதி லென்ஸுக்கும், மலைக்குத் திரும்பத் திரும்பப் போகும் பஸ் கட்டணத்துக்கும் தேவைப்படும். இரவிகுளம் மட்டும் வரையாடு குட்டி போடும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில், மூடியிருக்கும்.