மரை அடைபசை

மரை அடைபசை என்பது மரையாணியின் புரிகளுக்கு இடையே நீர்மம் கசிவதைத் தடுக்கும் பசை ஆகும். 1955 இல் அறிமுகமான செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 போன்ற சில எஞ்சின்களில், சிலிண்டர் தலையைப் பிணைக்கும் மரையாணிகளின் துளைகள் குளிர்நீர்ப் பாதைக்குள் திறக்கின்றன. இவற்றுக்கு எண்ணெய் மட்டும் பூசினால், குளிர்நீர் புரி வழியே மேலேறி எஞ்சின் எண்ணெயுடன் கலந்து தாங்கிகளைப் பழுதாக்கக்கூடும்.

தேர்வு

* டெஃப்லான் கலந்த, இறுகாத பசை: கசிவைத் தடுப்பதுடன் உயவுப் பொருளாகவும் செயல்படும். மரையாணியைப் பின்னர் எளிதில் கழற்றலாம்.
* காற்றின்றி இறுகும் பசை: உலோகப் பரப்புகளுக்கு இடையே காற்று இல்லாதபோது இறுகும். புரிகளில் எண்ணெய்ப் பசை இருத்தலாகாது.
* டெஃப்லான் நாடா: ஏற்றதன்று. கிழிந்த துணுக்குகள் குளிர்நீர்ப் பாதையை அடையலாம்.

அடி மூடிய துளைகளுக்கு அடைபசை தேவையில்லை. அவற்றில் நீர்மம் தேங்கியிருந்தால், மரையாணியை முறுக்கும்போது அழுத்தம் மிகுந்து வார்ப்பிரும்பு வெடிக்கலாம். பூசும் பொருளுக்கேற்ப உராய்வு மாறுவதால், எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த பசையையும் முறுக்குவிசை அளவையும் பின்பற்றுதல் வேண்டும்.