நாய்களின் கண்ணில் நீர் வடிதல்

கண்ணீர், கண்ணின் உள்மூலையிலுள்ள நுண்துளைகள் வழியாக மூக்கினுள் இறங்குவது இயல்பு. அவ்வழி அடைபடினும், கண் உறுத்தலுற்று நீர் மிகச் சுரப்பினும், அது முகத்தில் வழியும். நிலாவெளி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் பறக்கும் மணலும் கண்ணை உறுத்தக்கூடும். உள்மடிந்த இமை, கருவிழிப்புண் என்பனவும் காரணமாகும்.

ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதில் நனைத்த தூய பஞ்சினால் கண்ணை மெல்லத் துடைத்தல் வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு கொள்க.

நாய் கண்ணைத் திறவாதிருப்பினும், கருவிழி வெளுப்பினும், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. சீழுடன் காய்ச்சலும் இருமலும் சேரின் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். நாயைத் தனியே கட்டுக. இந்நோய்க்குத் தடுப்பூசியே காப்பு.

மனிதருக்குரிய கண்மருந்தை இடலாகாது. ஸ்டீரொயிட் கலந்த மருந்து, புண்ணுற்ற கருவிழியைத் துளைபடச் செய்து பார்வையைப் போக்கிவிடக்கூடும்.