பட்டணம் பரவுதலும் விளைநிலப் பாதுகாப்பும்

பெரிய பட்டணங்களை அடுத்த கிராமங்களில் விளைநிலம் நாளுக்கு நாள் வீட்டு மனையாக மாறுவது பல தேசங்களிலும் காணப்படும் விஷயம். ஒரு வயல் மனையானால் பக்கத்து வயல்களின் விலை ஏறுகிறது. அவற்றின் சொந்தக்காரரும் விற்கத் துணிகின்றனர். வீடுகளுக்கு நடுவே தனித்து நிற்கும் நிலத்தில் எருவிடுவதும் இயந்திரம் ஓட்டுவதும் வழக்குக்கு இடமாகின்றன. சிதறிய வீடுகளுக்கு ரஸ்தாவும் குழாய்த் தண்ணீரும் கொண்டுசெல்வதால் வரிப்பளுவும் மிகுகிறது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து மாண்ட்காமரி ஜில்லா, வாஷிங்டன் நகரை ஒட்டியிருப்பதால், இத்தொல்லையை நன்கு அனுபவித்தது. அங்கே முதலில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதித்தனர். அதனால் நிலம் தப்பவில்லை. ஐந்தைந்து ஏக்கராகத் துண்டுபட்டது. அத்துண்டு வீட்டுத் தோட்டத்துக்கு மிகை. தானிய சாகுபடிக்கோ போதாது.

ஆகையால் 1980-ல், ஜில்லாவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிய 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென ஒதுக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடே கட்டலாம் என்று நிர்ணயித்தனர். இதனால் நிலத்தின் கிரயம் குறையுமே என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்குப் பரிகாரமாக, 5 ஏக்கருக்கு ஒன்று வீதம் வீடு கட்டும் பாத்தியதையைச் சொந்தக்காரருக்கு அளித்து, நிலத்தை விற்காமலே அதை மட்டும் விற்க இடங்கொடுத்தனர்.

உதாரணமாக, 100 ஏக்கர் உடையவருக்கு 20 பாத்தியதைகள் உண்டு. தம் நிலத்தில் ஒரு வீடு மட்டும் போதுமென்றால், அதற்கு ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற 19-ஐ விற்கலாம். வாங்கியவர், ஜில்லா அதிகாரிகள் குறிப்பிட்ட நகர்ப்பகுதிகளில், சாதாரண அளவுக்கு மேல் வீடுகள் கட்டிக்கொள்வார். பாத்தியதை விற்கப்பட்ட நிலத்தின்மேல் அந்நிபந்தனை பத்திரத்தில் பதிவாகி, பின்வரும் சொந்தக்காரரையும் கட்டுப்படுத்தும். நிலத்தைப் பயிரிடவும் விற்கவும் தடையில்லை. இம்முறையால் 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கிரயத்தைக் கட்டடக்காரரே கொடுப்பதால் பொதுப்பணம் அதற்குச் செலவாவதில்லை.

இதிலும் சங்கடம் இல்லாமற் போகவில்லை. வீடுகள் பெருக வேண்டிய பகுதிகளில் குடியிருப்போர் நெருக்கத்தை ஆட்சேபித்தனர். அப்பகுதிகள் குறைந்தால் பாத்தியதையை வாங்குவோரும் குறைவர். விவசாயிக்குக் கிடைக்கும் விலையும் இறங்கும்.

ஆகவே, எந்த நிலத்தில் வீடு கூடாது என்று விதிப்பவர், எந்த இடத்தில் வீடு கட்டலாம் என்பதையும் உடனே தீர்மானிக்க வேண்டும். விளைநிலம் நிலைப்பதால் வரும் நன்மை ஊர் முழுவதற்கும் உரியது. அதற்கான நஷ்டத்தை உழுபவன் ஒருவனே சுமக்கும்படி விடுவது தகாது.