வெங்காயத்துக்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு?

கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு வரிகள் இருக்கும். அமினோ தொகுதியை ஒரு மூலக்கூறிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும் நொதிகள் இவை. வெங்காயத்தை நறுக்கியதும் கண்ணெரிச்சலுக்கான வேலையைத் தொடங்கிவைப்பது அல்லினேஸ் என்ற நொதி. தக்காளியைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவுக்கு மூலப்பொருள் தருவது ஏசிசி சிந்தேஸ். மூளையில் டோபமைனை உண்டாக்குவது டோபா டிகார்பாக்சிலேஸ். வேலையைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. ஆனாலும் இவை அத்தனையும் ஒரே மூதாதைப் புரதத்தின் வழிவந்த பங்காளிகள்.

இவை எல்லாம் நம்பியிருப்பது பி6 வைட்டமினின் செயல்வடிவமான பிரிடாக்சால் பாஸ்பேட்டை. இதன் துணையோடு 140-க்கும் மேற்பட்ட வகை வினைகள் நடக்கின்றன.

நொதிக்குள் இது, புரதத்தின் பகுதியான லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்து உட்கார்ந்திருக்கும். வினைபுரிய வேண்டிய அமினோ அமிலம் வந்ததும் லைசின் விலகி இடம்விடுகிறது. வந்த அமிலத்தின் நடுக் கார்பனில், நைட்ரஜன் பிணைப்பு போக, இன்னும் மூன்று பிணைப்புகள் உண்டு. பிரிடாக்சாலின் வளையம் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அந்த மூன்றுமே தளர்கின்றன. ஹைட்ரஜன் விலகினால் அமினோ தொகுதியை இடம் மாற்றலாம். கார்பாக்சில் விலகினால் கரியமில வாயு வெளியேறும். டோபமைன் பிறப்பது இப்படித்தான். எது அறுபட வேண்டும் என்று முடிவு செய்வது புரதம். வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக எந்தப் பிணைப்பை நிறுத்துகிறதோ, அதுவே அறுபடும். 1966-இல் டனாதன் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார்.

அப்படியானால், ஒரே வைட்டமினைப் பயன்படுத்தும் நொதிகள் எல்லாமே ஒரே குலமா? இல்லை. 1995-இல் கிரிஷின், பிலிப்ஸ், கோல்ட்ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் மூவரும் புரதங்களின் மடிப்பை ஒப்பிட்டு, குறைந்தது ஐந்து தனித்தனி வம்சங்கள் இருப்பதாகக் காட்டினார்கள். இந்த வைட்டமினை உயிர்கள் குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாகக் கைக்கொண்டிருக்கின்றன. முதல் வம்சம்தான் மிகப் பெரியது. வெங்காயமும் கல்லீரலும் அதில் அடக்கம். பாக்டீரியா, ஆர்க்கியா, நம்மைப் போன்ற உயிர்கள் என்று மூன்று கிளைகள் பிரிவதற்கு முன்பே இந்த வம்சத்தின் பல குடும்பங்கள் உருவாகிவிட்டன.

ஒரே வேலை செய்வதாலும் உறவு வந்துவிடாது. ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நம்மிடமும் உண்டு, ஈ.கோலை பாக்டீரியாவிடமும் உண்டு. பாக்டீரியாவின் நொதி முதல் வம்சம், நம்முடையது மூன்றாவது. ஐந்தாம் வம்சத்துக் கிளைகோஜன் பாஸ்போரிலேஸ் இன்னும் விசித்திரம். தசையில் சேமித்த சர்க்கரையை உடைக்கும் இந்த நொதி, வளையத்தை விட்டுவிட்டு அதன் பாஸ்பேட் முனையை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

வம்சங்கள் வேறானாலும், எல்லாவற்றுக்கும் பொதுவான இந்த வைட்டமினையே தாக்கும் மருந்தும் உண்டு. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், பிரிடாக்சால் பாஸ்பேட்டோடு நேரடியாகச் சேர்ந்து அதை முடக்கிவிடுகிறது. அதனால் வம்ச பேதமில்லாமல் பி6-ஐ நம்பிய எந்த நொதியும் பாதிக்கப்படலாம். சிலருக்குக் கைகால் மரத்துப்போகிறது. காசநோய் மாத்திரையோடு பி6 மாத்திரையையும் மருத்துவர்கள் எழுதித்தருவது இதற்காகத்தான்.