டயாலிசிஸ் நேரத்தில் வரும் குளிர்காய்ச்சல்

டயாலிசிஸ் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென உடம்பு தூக்கிப்போடுகிறது, பற்கள் கிட்டுகின்றன. ஏசியைக் குறைக்கச் சொல்கிறார் கூட வந்தவர். அனுபவமுள்ள சிஸ்டரின் கண் நேராக டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாய்க்குத்தான் போகும்.

குழாயின் உட்சுவரில் பாக்டீரியா படலமாக ஒட்டி வளரும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ரத்த ஓட்டம் அதைப் பெயர்த்து உடலுக்குள் தள்ளிவிடும். காய்ச்சலும் நடுக்கமும் அதனால்தான். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் ரத்த அழுத்தம் இறங்கலாம், பேச்சு குழறலாம்.

அந்த நேரத்தில் ஒரு பாராசிட்டமால், நடுக்கத்துக்கு ஓர் ஊசி என்று சமாளித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆபத்து. நடுக்கம் அடங்கும், கிருமி இதய வால்வுக்கும் முதுகெலும்புக்கும் போய்விடலாம். மருத்துவரை உடனே அழைத்து, ஆன்டிபயாடிக் போடும் முன்பே ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். மருந்து கொடுக்கும் நேரமும் முக்கியம். டயாலிசிஸுக்கு முன்னால் கொடுத்தால் சில மருந்துகளை இயந்திரமே வெளியேற்றிவிடும்.

இதெல்லாம் வந்தபின் செய்வது. வராமல் தடுப்பது குழாயை இணைக்கும், கழற்றும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. நர்ஸ், நோயாளி இருவருக்கும் முகக்கவசம். கை கழுவி, கையுறை மாட்டி, மூடியைக் கழற்றியதும் குழாயின் வாயைக் கிருமிநாசினியால் 15 விநாடியாவது அழுத்தித் தேய்த்து, உலரவிட வேண்டும். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் அவசரத்தில் முதலில் பறிபோவது இந்த 15 விநாடிதான். ஒரே நர்ஸ் பல படுக்கைகளுக்கு ஓடும் இடத்தில் அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில், குழாய் போட்ட இடம் நனையக் கூடாது. கட்டு நனைந்தாலோ, சீழ் தெரிந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது. அவசரத்துக்கு என்றாலும் அந்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்ற விடாதீர்கள்.

கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவில் தொற்று மிகக் குறைவு. 1966-லேயே வந்த முறை இது. பக்குவப்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் மூச்சுத்திணறி வந்து சேரும்போது கழுத்துக் குழாயைத் தவிர வழியிருக்காது.

வயிற்று வழி டயாலிசிஸில் தொற்றின் அடையாளம் வேறு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகள் வீட்டுக்கே வருகின்றன. வெளியேறும் திரவம் கலங்கியிருந்தால் வயிற்றில் தொற்று என்றே கொள்ள வேண்டும். அதைக் கீழே கொட்டிவிடாமல், பையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்கு அந்தத் திரவம் வேண்டும்.