கம்பவுண்டர் நின்ற இடத்தில்

பெங்களூரில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறவர்கள் கையோடு கழுவிய பாட்டில் ஒன்றையும் கொண்டுபோவார்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன் என்று தமிழர் நிறைந்த பகுதிகளில், டாக்டரின் அறையை ஒட்டி ஒரு மரத்தடுப்பு இருக்கும். அதற்குப் பின்னால் கம்பவுண்டர். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துப் பெரிய கண்ணாடி ஜாடிகளிலிருந்து அவுன்ஸ் கணக்கிலும் டிராம் கணக்கிலும் அளந்து ஊற்றுவார், தண்ணீர் சேர்த்துக் குலுக்குவார். பாட்டிலின் பக்கத்தில் படிப்படியாக வெட்டிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுவார். ஒரு படி ஒரு வேளை. எழுத்தறியாத பாட்டிக்கும் அந்தக் காகிதம் புரிந்தது. பொடி என்றால் கல்வத்தில் அரைத்து, சமமாகப் பங்கிட்டு, பொட்டலம் மடித்துக் கொடுப்பார். "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம், நல்லா குலுக்கிக் குடிக்கணும்" என்பதைத் தமிழில் ஒருவருக்கும் கன்னடத்தில் அடுத்தவருக்கும் உருதுவில் மூன்றாமவருக்கும் சொல்வார்.

அவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மருந்து தயாரிக்கும் வகுப்புகள் இருந்தன. பெரிய ஆஸ்பத்திரிகளில் பயின்று வந்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர்கள். பாட்டில் கழுவுவதில் தொடங்கிப் பத்தாண்டில் கம்பவுண்டர் ஆனவர்கள். பெங்களூரின் கதையில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. 1947 வரை கண்டோன்மென்ட் ஆங்கிலேய ரெசிடென்டின் நிர்வாகத்திலும், பழைய நகரம் மைசூர் மகாராஜாவின் ஆட்சியிலும் இருந்தன. ஒரே ஊரின் இரண்டு பாதிகளில் இரண்டு அரசுகள். இரண்டிலுமே மருந்து கலப்பவருக்கென்று ஒரு பதிவேடு இல்லை.

பதிவேடு வேண்டும் என்ற பேச்சை அரசு மட்டத்தில் அழுத்தமாக எழுப்பியது கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த மருந்து விசாரணைக் குழு. இந்தியச் சந்தையில் கலப்பட மருந்தும் வீரியமற்ற மருந்தும் எப்படிப் புரள்கின்றன என்று ஆராய்ந்த அந்தக் குழு, மருந்தைக் கட்டுப்படுத்துவதோடு அதைக் கையாளும் மனிதரையும் பயிற்றுவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றது. முதல் பாதிக்கு 1940இல் சட்டம் வந்தது. இரண்டாம் பாதிக்குச் சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்தியல் சட்டம் 1948 மார்ச்சில் வந்தது. அடுத்த ஆண்டு இந்திய மருந்தியல் கவுன்சில் அமைந்தது.

அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. இன்று அதைப் பற்றிப் பேசுவார் குறைவு. முதல் பதிவேட்டைத் தயாரிக்கும்போது பட்டமும் டிப்ளமாவும் பெற்றவர்களை மட்டும் சேர்த்தால் போதும் என்று சட்டம் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ டாக்டர் சீட்டுக்கு முறையாக மருந்து கலந்து தரும் வேறு இடத்திலோ ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவரும் பதிவு பெறலாம் என்று வழிவிட்டது. விண்ணப்பங்களை ஆராய மாநிலம்தோறும் மூவர் கொண்ட தீர்ப்பாயம். அதாவது, பாட்டில் கழுவி வளர்ந்த கம்பவுண்டரைச் சட்டவிரோதி ஆக்கிவிட்டுப் புதியவர்களை வைத்துத் தொடங்கவில்லை. 'நீ இத்தனை காலம் செய்த வேலைக்கு இனி நீயே பொறுப்பு. இதோ உன் பெயர், இதோ உன் எண்' என்றது. பிற்பாடு 1976இல் திருத்தியபோது, கலவரத்துக்கு அஞ்சி பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் திரும்பிய இந்திய வம்சாவளியினரில் அங்கே மருந்துத் தொழில் செய்தவர்களுக்கும் தனிப்பிரிவு சேர்த்தார்கள். கப்பலேறித் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் மருந்துக் கடை நடத்தியவரையும் சட்டம் மறக்கவில்லை.

கூடவே கண்டிப்பும் இருந்தது. பதிவு பெறாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலக்கவோ வழங்கவோ கூடாது என்பதுதான் 42ஆம் பிரிவு. அதை எப்போது அமல்படுத்துவது என்பதை மாநிலங்களிடம் விட்டிருந்தார்கள். அறிவிக்காமல் தள்ளிப்போட்ட மாநிலங்களிலும் 1984 செப்டம்பரோடு அது தானாகவே அமலுக்கு வந்தது. டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து தருவதற்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கின் நிழலில்தான் பல கிளினிக்குகளில் கம்பவுண்டர் இன்னும் கொஞ்ச காலம் நீடித்தார்.

ஆனால் அவரைக் காணாமல் செய்தது சட்டமல்ல, ஆலை. மிக்ஸ்சர் ஜாடிகள் போய் அட்டையில் வரும் மாத்திரை வந்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் பெருகின. ஒரே மருந்து பல பெயர்களில் வந்து குவிந்தது. கலப்பது என்ற வேலையே மறைந்தது. அலமாரியிலிருந்து எடுத்துத் தருவதுதான் வேலை என்று ஆனது. பேட்டைதோறும் 'மெடிக்கல்ஸ்' பலகைகள் எழுந்தன. பெங்களூரில் அரசு மருந்தியல் கல்லூரி 1964இல் தொடங்கியது. பிறகு தனியார் கல்லூரிகள் வரிசையாக வந்தன. இரண்டு ஆண்டு டி.பார்ம் படிப்பு, 500 மணி நேர நேரடிப் பயிற்சி, பிறகு விஜயநகரில் இருக்கும் கர்நாடக மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு. இதுவே ஒழுங்கான வழி. டி.பார்ம் முடித்தவர்களுக்கு 2022இல் வெளியேறும் தேர்வு ஒன்றையும் விதித்தார்கள். 2024இல் அது முதல் முறையாக நடந்தது. படித்து வரும் மருந்தாளுநரின் தரத்தைக் காக்க நாடு எடுத்த முயற்சி குறைவானதல்ல.

இன்று அந்தக் கடைக்குள் யார் நிற்கிறார்?

சில்லறை மருந்துக் கடைக்கு உரிமம் வாங்க 10 சதுர மீட்டர் இடமும் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரும் வேண்டும். உரிமையாளர் மருந்தாளுநராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சீட்டு மருந்து மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் வெளியே போக வேண்டும். விதி தெளிவாகவே இருக்கிறது. பெங்களூரின் எந்தப் பேட்டைக் கடைக்கும் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் சட்டம் போட்ட பதிவுச் சான்றிதழ் தொங்கும். கவுண்டரில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன் அல்லது பெண். சான்றிதழில் உள்ள முகம் பல கடைகளில் அங்கே இருப்பதில்லை. சான்றிதழை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிற வழக்கம் நாடு முழுவதும் தெரிந்த கதை. மருந்தாளுநர் வெள்ளை மேலங்கி அணிய வேண்டும், பெயரும் எண்ணும் தெரியும்படி அடையாள அட்டை குத்தியிருக்க வேண்டும், நோயாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில்முறை விதிகள் சொல்கின்றன. அந்த வெள்ளை அங்கியை எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பீர்கள்?

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை நொடியில் படிப்பார்கள். எந்த அட்டை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். பழைய கம்பவுண்டரைப் போலவே பக்கத்தில் நின்று கற்றவர்கள். வித்தியாசம், அவர்கள் கையில் இருக்கும் மருந்தின் வீரியம். ஒன்றைச் சொல்கிறேன். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அட்டையின் மேல் வாரநாளை எழுதி, இரண்டு முறை வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்துத் தர வேண்டிய மருந்து அது. அதைச் சொல்லித் தர யாரும் இல்லாமல், மற்ற மாத்திரைகளோடு ஒரே காகித உறையில் போட்டுத் தரும்படி ஒரு பிள்ளையை நிறுத்தியிருக்கிறோம். 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை அமலில் இருக்கிறது. வீரியமிக்க ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மருந்து சிலவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி ஏட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்த ஏட்டையும் பெரும்பாலும் நிரப்புவது அந்தப் பிள்ளையின் கைதான்.

இப்போது கவுண்டரே மறைந்துகொண்டிருக்கிறது. அமேசான் தன் மருந்து விற்பனையை இந்தியாவில் முதலில் தொடங்கிய ஊர் பெங்களூர், 2020 ஆகஸ்டில். அதற்கு முன்னும் பின்னும் செயலி வழியாக மருந்து தருகிறவர்கள் பலர் வந்துவிட்டார்கள். இணைய மருந்தகங்களுக்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. அவை இறுதி வடிவம் பெறவில்லை. கிடங்கில் அலமாரியிலிருந்து எடுப்பவர், பையில் போடுபவர், வாசலில் கொடுப்பவர் என்று மூன்று கைகள் மாறுகின்றன. அவற்றில் எது பதிவு பெற்ற கை என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

வெளிநாடுகளிலும் மருந்தாளுநர் ஒருவரே எல்லாவற்றையும் செய்வதில்லை. அவருக்குக் கீழே பார்மசி டெக்னீஷியன் என்று ஒரு நிலை உண்டு. பிரிட்டனில் 2011 ஜூலை முதல் பதிவு பெறாதவர் அந்தப் பெயரில் வேலை செய்யவே முடியாது. அமெரிக்காவில் இது மாநிலங்களின் அதிகாரம். ஒஹையோ மாநிலம் கொடுத்த விலை பெரிது. 2006இல் கிளீவ்லாந்தில், புற்றுநோய் சிகிச்சையில் இருந்த எமிலி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்கு டெக்னீஷியன் ஒருவர் மருந்தைக் கலந்தபோது, 0.9 சதவீத உப்புநீருக்குப் பதிலாக 23.4 சதவீத உப்புநீரை எடுத்துவிட்டார். குழந்தை இறந்தது. சரிபார்க்கத் தவறிய மருந்தாளுநர் சிறை சென்றார். கலந்தவருக்குத் தகுதி நிர்ணயமே அந்த மாநிலத்தில் அதுவரை இல்லை. அந்தக் குழந்தையின் பெயரில் 2009இல் சட்டம் வந்த பிறகுதான் டெக்னீஷியனுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின.

நம் சட்டத்தில் மருந்தாளுநர் உண்டு, மற்றவர் உண்டு. நடுவே யாரும் இல்லை. திறன் வளர்ச்சித் திட்டத்தில் 'பார்மசி அசிஸ்டென்ட்' என்ற பயிற்சி இருந்தாலும், முடித்தவர் பெயரை எழுத எந்தக் கவுன்சிலிலும் ஏடு கிடையாது. மருந்தாளுநர் சங்கங்கள் இப்படியொரு நிலையை உருவாக்கவே தயங்குகின்றன. படித்துவிட்டு வேலை தேடும் டி.பார்ம், பி.பார்ம் பிள்ளைகள் ஏராளம். மலிவான உதவியாளரைக் காட்டி முதலாளிகள் மருந்தாளுநரையே கழற்றிவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் மருந்தாளுநர் ஏற்கெனவே கழற்றிவிடப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறார். உதவியாளர் ஏற்கெனவே கவுண்டரில் நிற்கிறார். பெயர் இல்லாததால் அவர் இல்லை என்று ஆகிவிடாது. எண் கொடுத்தால், இத்தனை உதவியாளருக்கு ஒரு மருந்தாளுநர் நேரில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட முடியும். இன்று அந்தக் கணக்கைப் போட வழியே இல்லை.

2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42ஆம் பிரிவின் அபராதத்தை 1,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது; சிறைத்தண்டனையை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. அபராதம் அச்சம் தரும், பயிற்சி தராது. அதே ஆண்டு நவம்பரில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய மருந்தியல் ஆணையம் அமைக்கும் வரைவு மசோதா வெளியானது. புதிய சட்டம் எழுதுகிறவர்கள் பழைய சட்டத்தின் முதல் பதிவேட்டுப் பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டும். கடையில் ஐந்து ஆண்டு நின்றவருக்கு ஒரு பயிற்சி, ஒரு தேர்வு, ஒரு எண்; அவருக்கு மேலே நேரில் நிற்கும் மருந்தாளுநர். 1948இல் முடிந்தது இன்றும் முடியும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மருந்து வாங்கும்போது "பார்மசிஸ்ட் இருக்காரா?" என்று கேளுங்கள். கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் பெங்களூரில் புரியும். இல்லை என்றால், சர்க்கரை, இதயம், வலிப்பு, மூட்டு என்று நாள்பட்ட நோய்க்கான மருந்தை அந்த நேரத்தில் அங்கே வாங்காதீர்கள். அவர் எப்போது வருவார் என்று கேட்டு, அப்போது போய், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு வாங்குங்கள்.