ஒரு காம்பராவுக்குள் இரண்டு தேக்கரண்டி முகில்

கினிகத்தேனையைத் தாண்டி வட்டவளை ஏற்றத்தில் ஹட்டன் பஸ் ஏறும்போது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமென்றால், பட்டப்பகலிலேயே சாரதி விளக்கைப் போட்டுவிடுவார். பனி இறங்கிவிட்டது என்று ஜன்னலை மூடுகிறோம். உண்மையில் எதுவும் இறங்கவில்லை. நாம்தான் முகிலுக்குள் ஏறியிருக்கிறோம்.

கடலைத் தடவி வரும் காற்று சுமார் 30 பாகை வெப்பத்தோடும் ஏராளமான ஈரத்தோடும் மேற்குச் சரிவில் மோதுகிறது. முன்னே செல்ல வழியின்றி மலையேறும் அந்தக் காற்று, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிர்கிறது. 700, 1,000 மீற்றர் உயரத்தை எட்டும்போது ஈரத்தை ஆவியாக வைத்திருக்க அதனால் முடிவதில்லை. அங்கே முகிலின் அடிமட்டம் தொடங்குகிறது. திம்புள்ளயின் தேயிலை மலைகளோ 1,100 முதல் 1,600 மீற்றர் வரையான உயரத்தில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று இங்கே லயத்து வாசலில் வந்து நிற்பது அதனால்தான்.

முகில் திண்மமா, திரவமா, வாயுவா? நீராவி என்றுதான் பலர் பதில் சொல்வார்கள். நீராவியைக் கண்ணால் காண முடியாது. வெள்ளையாகத் தெரிவது திரவ நீர். ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகள். ஒளியின் எல்லா நிறங்களையும் அவை ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வெண்மை தெரிகிறது.

எவ்வளவு தண்ணீர் அது? பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரமுள்ள ஒரு லயக் காம்பராவை எடுத்துக்கொள்வோம். கதவைத் திறந்து முகிலால் அதை நிரப்பினால், உள்ளே துளிகளாக இருக்கும் நீர் சுமார் 10 கிராம். இரண்டு தேக்கரண்டி, அவ்வளவுதான்! வெளியே எதிர் மலையை மறைக்கும் திரைக்கு இந்த அடர்த்தியே போதும். ஆனால் அதே காம்பராவில், 16 பாகைக் குளிரில், கண்ணுக்குத் தெரியாத ஆவியாக இருப்பது ஏறத்தாழ அரை லீற்றர். முகிலைப் பற்றி எனக்கு ஓயாத வியப்பைத் தருவது இந்தக் கணக்குத்தான். நம் கண்ணை மறைப்பது அங்குள்ள நீரின் மிகச் சிறிய பங்கு.

தூய காற்றில் இந்தத் துளிகள் எளிதில் பிறப்பதில்லை. ஆவி ஒட்டிக்கொள்ள ஒரு துணுக்கு வேண்டும்: இந்து சமுத்திரத்தின் அலை தெறித்த உப்பு, மண் தூசி, விறகுப் புகை. பிறந்த துளி செக்கனுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவிலேயே விழும். மேலெழும் காற்று அதைத் தாங்கிவிடுகிறது. இப்படிப் பத்து இலட்சம் துளிகள் சேர்ந்தால்தான் இரண்டு மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்று உருவாகும்.

பனிக்கட்டி முகில்களும் உண்டு. ஆனால் நம் வானத்தில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது; பீதுருதாலகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். அந்த எல்லையைத் தாண்டியும் நீர் உடனே உறைவதில்லை, சைபருக்குக் கீழே 38 பாகை வரைகூடத் திரவமாகவே நிற்கும். சித்திரை மாதப் பின்னேரங்களில் 10 கிலோமீற்றருக்கு மேல் வளரும் இடிமுகிலில் மூன்று நிலைகளும் ஒன்றாக இருக்கும். உள்ளே பனித்துணுக்குகள் மோதி மின்னேற்றம் பெறுவதால்தான் மின்னல்.

திரவ முகிலுக்கும் பனிக்கட்டி முகிலுக்கும் இடையிலான இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. 2019 மார்ச் வரட்சியில், தாய்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடு, விமானப்படை விமானமொன்று மவுசாக்கலை நீரேந்துப் பகுதிக்கு மேலே செயற்கை மழைப் பரிசோதனை நடத்தியது. மழை பெய்ததாக அறிவித்தார்கள். உலகில் பெரிதும் பேசப்படும் சில்வர் அயடைட், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த முகிலில் மட்டுமே பயன்படும். நம் மலையைத் தொடும் திரவ முகிலுக்கு, ஈரத்தை இழுத்துத் துளியைப் பெருக்கும் உப்புத் தூள்தான் வேண்டும். தாய்லாந்தின் அனுபவம் பெரும்பாலும் அந்த முறையில்தான். ஆனாலும் ஒருநாள் மழையை வைத்து வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அந்த முகில் தானாகவே பெய்திருக்கவும் கூடும்.

தேயிலைக்கு முகில் நன்மை மட்டும் செய்வதில்லை. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்ப் பூஞ்சணத்தின் வித்திகள், இலை நீண்ட நேரம் ஈரமாக இருந்தால்தான் முளைக்கும். வெயில் பட்டால் அவை செத்துப்போகும். மூட்டம் விலகாத நாட்களில் தளிரில் கொப்புளம் பரவுவதன் காரணம் இதுதான்.

அந்த ஈரம் கொழுந்தோடு சேர்ந்து கூடைக்கும், கூடையிலிருந்து தராசுக்கும் போகிறது. தண்ணிக்கென்று இத்தனை கிலோ கழிப்பது பல தோட்டங்களில் வழக்கம். காலையிலிருந்து இடுப்பில் படங்கு கட்டி நனைந்தவருக்கு அந்தக் கழிவால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், அரைப்பேராகிவிடலாம். இலையில் ஒட்டிய நீர் அளக்கக்கூடிய பொருள். ஒரு கிலோ கொழுந்தை நிறுத்து, துணியால் ஒற்றியெடுத்து, மறுபடி நிறுத்துப் பார்த்தால் அன்றைய ஈரம் எவ்வளவென்று அங்கேயே தெரிந்துவிடும். கண்மதிப்பில் கழிப்பதை நிறுத்திவிட்டு, பறித்தவர்களின் கண்முன்னே அளந்து கழியுங்கள்.